மாஸ்க் குடுத்தாச்சுத்தானே?

யாழ்ப்பாணத்தில் இப்ப எந்த ஒழுங்கைக்குள் போனாலும் ஒரு வீடாவது கட்டுப்பட்டுக்கொண்டிருக்கும். வெளிநாட்டில் இருக்கிற சகோதரங்கள் அனுப்புற காசு, வங்கிக் கடன், சீட்டுக் காசு எல்லாம் சேர்ந்து எழும்புற வீடுகள். வேலையின் கடைசிக் கட்டத்தில் ரைல்ஸ் பதிப்பு வரும். கிறைண்டர் சத்தம் இரண்டு வளவு தள்ளிக் கேட்கும். ஒரு பெடியன் குந்திக்கொண்டு, ரைல்ஸைக் காலால் மிதித்துப் பிடித்து, தண்ணி ஒரு சொட்டும் இல்லாமல் காய வெட்டுவான். பத்து நிமிடத்தில் அவனுடைய புருவம், தலைமயிர், கண்மடல் எல்லாம் வெள்ளை. முகத்தில் பாமசியில் பெட்டியாக விற்கிற நீல மாஸ்க் ஒன்று இருக்கும். அதுவும் பாதி நேரம் நாடிக்குக் கீழே தொங்கும்.

வீட்டுக்காரரிடம் கேட்டுப்பாருங்கோ. “மாஸ்க் குடுத்தாச்சுத்தானே தம்பி, அவங்கள்தான் போடுறாங்களில்லை” என்பார். கொன்ராக்ரரைக் கேட்டாலும் இதே பதில்தான். இந்த ஒரு வசனத்தோடு எனக்குச் சண்டை இருக்கிறது.

நான் கட்டட வேலைகளுக்கு அளவெடுத்து எஸ்ரிமேற் எழுதுகிறவன். கம்பி எத்தனை கிலோ, சீமெந்து எத்தனை பை, மணல் எத்தனை கியூப், ரைல்ஸில் வெட்டுக் கழிவு எத்தனை வீதம் என்று எல்லாம் எழுதுவோம். கழிவாகப் போகிற ரைல்ஸ் துண்டுக்குக் கூட ஒரு கணக்கு உண்டு. அதை வெட்டுகிறவன் இழுக்கிற தூசிக்கு எஸ்ரிமேற்றில் ஒரு வரி இருந்து நான் கண்டதில்லை.

முதலில் இந்தத் தூசி என்ன என்று பார்ப்போம். ரைல்ஸ், கருங்கல், கொங்கிறீற், செங்கல் எல்லாவற்றிலும் சிலிக்கா இருக்கிறது. ஆற்று மணலின் பெரும்பகுதி அதுதான். மணலாகக் கிடக்கும்வரை ஒரு பிரச்சினையும் இல்லை, பிள்ளைகள் அதில் விளையாடலாம். அதை அரைக்கும்போது, வெட்டும்போது, துளைக்கும்போதுதான் ஆபத்து. மனிதத் தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோமீற்றர். நுரையீரலின் அடிவரை போகக்கூடிய சிலிக்காத் துணிக்கை 4 மைக்ரோமீற்றருக்கும் குறைவு. அதாவது புருவத்தில் படிந்து வெள்ளையாகத் தெரிகிற தூசி உண்மையில் எங்களுக்குப் பெரிய எதிரி இல்லை. அது பாரமானது, விழுந்துவிடும், மூக்கும் கொஞ்சம் பிடித்துவிடும். கண்ணுக்குத் தெரியாதது, கிறைண்டர் நின்ற பிறகும் அறைக்குள் மணிக்கணக்காக மிதக்கிறதுதான் உள்ளே போகும். “தூசி அடங்கீற்றுது” என்று மாஸ்க்கைக் கழற்றிவிட்டு அதே அறைக்குள் தேத்தண்ணி குடிக்கிறோமே, அந்த நேரத்திலும்தான்.

உள்ளே போனது திரும்பி வராது. நுரையீரலில் துப்புரவு வேலை பார்க்கிற கலங்கள் அதை விழுங்கப் பார்த்துத் தாங்களே செத்துப்போகும். அந்த இடத்தில் தழும்பு விழும். தழும்பு கூடக் கூட நுரையீரல் இறுகும், மூச்சு குறையும். இதற்குப் பெயர் சிலிக்கோசிஸ். மருந்தால் மாற்ற முடியாது. வேலையை விட்ட பிறகும் தழும்பு வளர்ந்துகொண்டே போகலாம். சிலிக்காத் தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் சேர்த்தது 1997 இல். காசநோய் தொற்றுகிற வாய்ப்பையும் இது கூட்டிவிடும். எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்றையொன்று போலத் தெரியவும் கூடும். ஆகவே இருமலோடு ஆஸ்பத்திரிக்குப் போனால், டொக்டர் கேட்காவிட்டாலும் “நான் கல்லு வெட்டுற வேலை, இத்தனை வருசம்” என்று நீங்களாகச் சொல்லுங்கோ. சிகரெட் பற்றிக் கேட்கிறது வழமை. வேலையைப் பற்றிக் கேட்கிறது அவ்வளவு வழமை இல்லை.

எவ்வளவு தூசி கூடாது? அமெரிக்காவில் 2016 இல் வந்த விதிப்படி, எட்டு மணிநேர வேலையில் ஒரு கனமீற்றர் காற்றில் 50 மைக்ரோகிராம் சிலிக்காவுக்கு மேல் இருக்கக் கூடாது. பாரமான வேலை செய்கிற ஒருவர் எட்டு மணித்தியாலத்தில் பத்துக் கனமீற்றர் அளவு காற்று இழுப்பார் என்று வைத்தால், முழு நாளுக்கும் அரை மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பை விட எவ்வளவோ குறைவு. மூடிய குளியலறைக்குள் நின்று காய வெட்டுகிற பெடியன் காலைத் தேத்தண்ணிக்கு முதலே அந்தக் கணக்கைத் தாண்டிவிடுவான்.

இனி அந்த நீல மாஸ்க். அது சத்திரசிகிச்சை மாஸ்க். போட்டிருக்கிறவரின் எச்சில் துளி நோயாளியின் காயத்தில் விழாமல் இருக்கச் செய்தது. கொரோனாக் காலத்தில் அது பெரிய உதவி செய்தது, மறுக்கவில்லை. ஆனால் கன்னத்தின் இரண்டு பக்கமும் அது திறந்து கிடக்கிறது. மூச்சை இழுக்கும்போது காற்று சுகமான வழியைத்தான் தேடும். துணிக்கு ஊடாக வர அதற்கென்ன விசரா? பக்கத்து ஓட்டையால் வரும். லேஞ்சி, துவாய், ரீசேட்டைச் சுற்றிக் கட்டுறது எல்லாம் இதைவிட மோசம். 2020 இல் இருந்து எங்கள் எல்லாருக்கும் மாஸ்க் பழகிவிட்டது. அதோடு எல்லா மாஸ்க்கும் ஒன்று என்ற எண்ணமும் பழகிவிட்டது.

தூசிக்குச் செய்தது வேறு. என்95 என்று சொல்வது அமெரிக்கத் தரம். 0.3 மைக்ரோமீற்றர் அளவுத் துணிக்கைகளில் குறைந்தது 95 வீதத்தைப் பிடிக்க வேண்டும். ஐரோப்பாவில் எஃப்எஃப்பி2, சீனாவில் கேஎன்95 என்று கிட்டத்தட்ட ஒத்த தரங்கள். தினமும் வெட்டுகிற மேசனுக்கு இவற்றைவிட நல்லது, றப்பரால் செய்து, இரண்டு பக்கமும் வடிகட்டி பூட்டுகிற அரைமுக மாஸ்க். அது கழுவிக் கழுவிப் பாவிக்கலாம், வடிகட்டியை மட்டும் மாற்றினால் போதும்.

வாங்கினால் மட்டும் காணாது. இந்த மாஸ்க்குகளின் முழு வேலையும் விளிம்பில்தான் இருக்கிறது. 95 வீதம் என்பது வடிகட்டியின் கணக்கு, முகத்தின் கணக்கு இல்லை. விளிம்பில் ஒரு சின்ன இடைவெளி விட்டால் அந்த 95 வெறும் பெட்டியில் அச்சடித்த இலக்கம். ஆகவே இரண்டு பட்டி உள்ளதை வாங்குங்கோ. ஒன்று உச்சந்தலைக்குப் பின்னால், மற்றது காதுக்குக் கீழே பிடரியில். காதில் கொழுவுகிற வகை அவ்வளவு இறுகிப் பிடிக்காது. மூக்குத் தகட்டை இரண்டு கை விரலாலும் அமத்துங்கோ. ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூராகி இரண்டு பக்கமும் வாய் திறக்கும். பிறகு இரண்டு உள்ளங்கையாலும் மாஸ்க்கை மூடிக்கொண்டு ஊதிப் பாருங்கோ. கண்ணுக்குக் காற்று அடித்தால் மூக்கில் ஓட்டை, கன்னத்தில் அடித்தால் பட்டி சரியில்லை. அரை நிமிட வேலை. ஒவ்வொரு முறை போடும்போதும் செய்ய வேண்டும்.

தாடிப் பிரச்சினையையும் சொல்லத்தான் வேணும். தாடி இப்ப எங்கட பெடியளுக்கு ஒரு பாஸ்போட் மாதிரி. ஆனால் மாஸ்க்கின் விளிம்பு மயிரின் மேல் இருந்தால் ஒட்டாது, இரண்டு மூன்று நாள் சவரம் செய்யாத முள்ளும் அப்படித்தான். மாஸ்க்குக்கு உள்ளே அடங்குகிற மீசை பிரச்சினை இல்லை. “தாடியை எடுக்கச் சொல்லாதேங்கோ அண்ணை, கலியாணம் வருது” என்று ஒரு ரைல்ஸ் மேசன் எனக்குச் சொன்னான். அதையும் விளங்கிக்கொள்ளலாம். காற்றை ஊதி உள்ளே அனுப்புகிற தளர்வான முகமூடிகள் தாடிக்காரருக்கென்றே உண்டு. விலையைக் கேட்டால் கலியாணத்தையே தள்ளிப்போட வேண்டி வரும்.

“அவங்கள்தான் போடுறாங்களில்லை” என்ற பகுதிக்கு வருவோம். ஏன் போடுகிறார்கள் இல்லை? சித்திரை வெயிலில் கூரை போட்ட, யன்னல் பூட்டாத வீட்டுக்குள் ஒரு மணித்தியாலம் என்95 போட்டுப்பாருங்கோ. வியர்வை உள்ளே ஓடும். மூச்சு இழுக்கப் பாரமாக இருக்கும். கண்ணாடி போட்டவருக்குப் புகாரடிக்கும். கிறைண்டர் சத்தத்துக்கு மேலால் “அங்கால ரெண்டு இஞ்சி” என்று கத்தினால் மற்றவனுக்குக் கேட்காது. அதைவிட, சதுர அடிக் கணக்கில் கூலி வாங்குகிறவனுக்கு ஒவ்வொரு நிறுத்தமும் காசு. இத்தனையும் சேர்த்துப் பார்த்தால் அவன் கழற்றுவது சோம்பலால் இல்லை. பிறகு ஒரு பகிடியும் இருக்கிறது: “என்னடா, ஒப்பரேசனுக்குப் போறியோ?” பதினெட்டு வயதுக்காரனுக்கு சிலிக்கோசிஸை விட அந்தப் பகிடிதான் பெரிய பயம். பெரிய மேசன் தான் போடாமல் நின்றால் மற்றவன் போடவே மாட்டான்.

அந்தப் பதினெட்டு வயதுக்காரனைப் பற்றித்தான் எனக்குக் கூட யோசனை. மேசனுக்குக் கையாளாக நிற்கிறவனை எங்கட பக்கத்தில் ‘முட்டாள்’ என்றுதான் சொல்வது. கேட்கவே ஒருமாதிரி இருக்கும், ஆனால் வேலையில் எல்லாரும் சாதாரணமாகச் சொல்வார்கள். ஓ.எல் எழுதிவிட்டு றிசல்ற் வரும்வரை போனவன், அப்படியே தங்கிவிட்டவன். சீமெந்துப் பையை வெட்டிக் கொட்டுகிறதும், வெட்டுத் துண்டுகளைப் பொறுக்குகிறதும், பின்னேரம் முழு அறையையும் விளக்குமாறால் கூட்டுகிறதும் அவன்தான். மேசன் வெட்டுகிற நேரம் மட்டும் தூசிக்குள். இவன் முழு நாளும் தூசிக்குள். மாஸ்க் குறைவாக வந்தால் முதலில் இல்லாமல் போகிறதும் இவனுக்குத்தான். இந்த நோய் எத்தனை வருடம், எவ்வளவு தூசி என்ற கூட்டுக் கணக்கில் வருகிறது. வழமையாகப் பத்து வருடத்துக்கு மேல் எடுக்கும், தூசி மிகக் கூடினால் ஐந்து வருடத்திலும் வரும். பதினெட்டில் தொடங்குகிறவனுக்கு முப்பதுக்குக் கிட்ட. பிள்ளை முன்பள்ளிக்குப் போகிற வயது.

பத்து வருடம் என்பதால் இன்னொரு சிக்கலும் வருகிறது. மாடியில் இருந்து விழுந்தால் எந்த வீடு, எந்த கொன்ராக்ரர் என்று தெரியும். நட்டஈடு குடுக்கிறாரோ இல்லையோ, ஆளைக் காட்டலாம். தூசிக்கு யாரைக் காட்டுவது? பத்து வருடத்தில் ஒரு மேசன் நூறு வீட்டில் வேலை செய்திருப்பான். நூறு பேரும் “எங்கட வீட்டில ரெண்டு கிழமைதானே நிண்டவர்” என்பார்கள். சொல்வது பொய்யும் இல்லை. வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் 1934 இல் இருந்து இருக்கிறது. தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் 1942 இல் வந்தது. வேலைசெய்பவர் தூசியை இழுக்காமல் பாதுகாக்க வேண்டியது தொழிற்சாலை நடத்துபவரின் பொறுப்பு என்று அது சொல்கிறது. கேற் போட்ட தொழிற்சாலைக்கு அது சரி. ஒரு வீட்டு வளவுக்குள் ஈபிஎஃப் இல்லாமல், துண்டு இல்லாமல், நாட்கூலிக்கு நிற்கிற நாலு பேரைத் தேடி தொழில் திணைக்களத்தில் இருந்து யாரும் வந்து நான் பார்த்ததில்லை. வன்னியில் கருங்கல் உடைக்கிற கிறசர்களில் தூசி இதைவிட எத்தனையோ மடங்கு. அங்கே ஒரு முதலாளி, ஒரு பெயர்ப்பலகை, ஒரு அனுமதிப்பத்திரம் என்றாவது இருக்கிறது.

இது புதுப் பிரச்சினை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1930 இல் அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவில் ஹோக்ஸ் நெஸ்ற் என்ற இடத்தில் யூனியன் கார்பைட் கம்பனிக்காக மலைக்குள் ஒரு சுரங்கம் வெட்டினார்கள். (ஓம், 1984 இல் போபாலில் விஷவாயு கசிந்ததே, அதே யூனியன் கார்பைட்தான்.) பாறையில் சிலிக்கா மிக அதிகம். வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் வேலை தேடித் தெற்கில் இருந்து வந்த கறுப்பினத்தவர். தண்ணி விட்டுத் துளைத்தால் தூசி குறையும் என்று அந்தக் காலத்திலேயே தெரியும். காயத் துளைத்தால் வேலை கெதியாக முடியும் என்பதும் தெரியும். காயத்தான் துளைத்தார்கள். பார்வையிட வந்த மேலதிகாரிகள் மாஸ்க் போட்டுக்கொண்டு வந்தார்கள், உள்ளே நின்றவர்களுக்கு அது குடுபடவில்லை. குறைந்தது 476 பேர் செத்தார்கள் என்று ஒரு கணக்கு. பின்னாளில் மார்ட்டின் செர்னியாக் என்ற மருத்துவர் ஆராய்ந்து 764 பேர் என்றார். பத்து வருடமில்லை, பலர் ஒன்றிரண்டு வருடத்திலேயே போய்விட்டார்கள். தூசி அவ்வளவு.

அந்தக் கதையில் நான் பார்ப்பது மாஸ்க்கை விடத் தண்ணியைத்தான். மாஸ்க் கடைசிக் காவல். அதற்கு முதல் செய்ய வேண்டியவை இருக்கின்றன, எங்கட வேலைத்தளங்களில் அவை மாஸ்க்கை விடச் சுகமும் கூட. நேர் வெட்டுக்கு கிறைண்டரே தேவையில்லை. கையால் கீறி அமத்தி முறிக்கிற ரைல்ஸ் கட்டர் இருக்கிறது, தூசியே இல்லை என்று சொல்லலாம். மூலைக்கும் குழாய் ஓட்டைக்கும் மட்டும்தான் கிறைண்டர் வேண்டும். கனக்க வெட்டு இருந்தால் தண்ணித் தொட்டி உள்ள மேசைக் கட்டர். தண்ணி பட்ட இடத்தில் தூசியின் பெரும்பகுதி சேறாகிக் கீழே போய்விடும். ஆனால் சாதாரண கைக் கிறைண்டருக்குப் போத்தலால் தண்ணி ஊத்தாதேங்கோ, அது கரண்ட் அடித்து ஆளைக் கொல்லும். தண்ணிக்கென்று செய்த கட்டர், வேலை செய்கிற ட்ரிப் சுவிச், இரண்டும் வேண்டும். வெட்டுகிற இடத்தை வீட்டுக்குள் இருந்து முற்றத்துக்கு மாற்றினாலே பாதி ஆபத்து குறையும். கூட்டுவதற்கு முதல் தண்ணி தெளியுங்கோ, எங்கட அம்மம்மாமார் மண் முற்றத்துக்குச் செய்தது போல. வேலை உடுப்பை வீட்டுக்குள் கொண்டுபோய் உதறாதேங்கோ. அதைத் தோய்க்கிற அம்மாவோ மனிசியோ மாஸ்க் போடுவதில்லை.

மாஸ்க்கை மட்டும் நம்பினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அவுஸ்திரேலியா ஒரு சாட்சி. அங்கே குசினி மேடைக்கு குவார்ட்ஸ் தூளையும் பிசினையும் சேர்த்து வார்த்த செயற்கைக் கல் பெரிய மோகமாக இருந்தது. இயற்கைக் கிரனைட்டில் சிலிக்கா பாதிக்கும் குறைவு, இந்தக் கல்லில் 90 வீதம் வரை. வெட்டின பெடியள் முப்பது, நாற்பது வயதில் மூச்சுக்குத் தவித்தார்கள். சட்டம் இருந்தது, மாஸ்க் இருந்தது, பரிசோதகர்கள் இருந்தார்கள். அப்படியும் பாதுகாக்க முடியவில்லை என்று கண்டு 2024 யூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்தார்கள். உலகத்தில் முதல் நாடு. எங்கட மெல்பேர்ண் மாமா வீட்டில் இனிப் போட முடியாத கல்லை இங்கே கொழும்புக் கடையில் ஓடர் பண்ணலாம். பரிசோதகர் இருக்கிற நாட்டிலேயே முடியவில்லை என்றால் எங்கட ஒழுங்கைக்குள் நீல மாஸ்க்கை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்யப் போகிறோம்?

அஸ்பெஸ்ரஸ் சீற் தனிக் கட்டுரைக்குரிய விஷயம், ஒன்றை மட்டும் சொல்கிறேன். நீல அஸ்பெஸ்ரஸை இலங்கை 1987 இலேயே தடை செய்தது. வெள்ளை இன்னும் கூரையில் இருக்கிறது. 2018 இல் இருந்து அதையும் கட்டுப்படுத்த ஒரு முடிவு இருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா எங்கட தேயிலைக்குள் ஒரு வண்டைக் கண்டதாகச் சொல்லித் தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்ரஸ் எங்களுக்கு வருவதும் பெரும்பாலும் ரஷ்யாவில் இருந்துதான். முடிவு தள்ளிப்போனது. அதை வெட்டுவதற்கு என்95 கூடக் காணாது. பழைய சீற்றை உடைக்காமல், வெட்டாமல், நனைத்து, முழுதாகக் கழற்றி இறக்குவதுதான் வழி.

சரி, யார் என்ன செய்வது? “விழிப்புணர்வு வேண்டும்” என்று முடிக்க எனக்கு விருப்பமில்லை. மேசனுக்கு விழிப்புணர்வு இல்லை என்று நான் நம்பவும் இல்லை. பின்னேரம் மூக்குச் சிந்தும்போது என்ன வருகிறது என்று அவனுக்குத் தெரியும். அவனிடம் இல்லாதது, “இந்தச் செலவு உங்கட பக்கம்” என்று சொல்கிற தைரியம். சொன்னால் அடுத்த வேலை இன்னொருவனுக்குப் போய்விடும். ஆகவே சொல்ல வேண்டியவர்கள் காசு குடுக்கிற பக்கத்தில் இருக்கிறவர்கள். இதை வாசிக்கிற கனபேர் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள். உங்கட வீட்டுக் கணக்கை அம்மா அப்பாவுக்குப் போனில் பார்த்துச் சொல்கிறவர் நீங்கள். கட்டட வேலை படிக்கிறவர், வரைபடம் கீறுகிறவர், என்னைப் போல எஸ்ரிமேற் எழுதுகிறவர் நீங்கள்.

நான் இப்ப எழுதுகிற எஸ்ரிமேற்றில் ரைல்ஸ் வேலைக்குக் கீழே நாலு வரி சேர்க்கிறேன். தண்ணிக் கட்டர் வாடகை, இத்தனை நாள். வெட்டுகிறவருக்கு வடிகட்டி மாற்றுகிற அரைமுக மாஸ்க், ஒன்று. கையாளுக்கும் அறைக்குள் நிற்கிற மற்றவர்களுக்கும் இரண்டு பட்டி என்95, ஆளுக்கு நாளுக்கு ஒன்று, வியர்வையில் நனைந்தால் மாற்ற மேலதிகமாகக் கொஞ்சம். மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் மாஸ்க் கழற்றி வெளியே இருக்கிற நேரம், கூலியோடு. கடைசி வரியைப் பார்த்துத்தான் ஆட்கள் முகம் சுழிக்கிறார்கள். ஒரு வீட்டுக்கார ஐயா, மேடைக்கு மட்டும் லட்சக்கணக்கில் கிரனைட் தெரிவு செய்தவர், அந்த வரியைப் பேனையால் வெட்டிவிட்டு “இது என்ன தம்பி, சும்மா இருக்கிறதுக்கும் காசோ?” என்று கேட்டார். மற்ற மூன்றையும் விட்டுவிட்டார். நாலாவதை இரண்டாம் முறை திருத்தி அனுப்பும்போது ‘மூச்சு நேரம்’ என்பதை எடுத்துவிட்டு ‘ரைல்ஸ் பதிப்பு - கூலி’ என்பதற்குள் சேர்த்தேன். கையெழுத்து வைத்துத் தந்தார்.